கீரையை ஆய்தலும் அரிதலும்



கீரை மலிவான உணவு. மலிவாகக் கிடைப்பதாலேயே அதனை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. பால் காய்ச்சும்பொழுது அது பொங்கி வழியாதபடி அடுப்பருகே காத்து நிற்கிறோம். நெய்யை வார்க்கும்பொழுது ஒரு துளியும் சிந்தாமல் வார்க்கிறோம். ஆனால் ஒரு கட்டுக் கீரை வந்தால், அதனை அரிவாள்மனையில் பொடியாக அரிகிறோம். அரிந்ததைத் தண்ணீரில் போட்டு இரண்டு முறை பிழிந்து அலசுகிறோம். பிறகு நிறைய நீர்விட்டு வேகவைத்து, வெந்த நீரை வடித்துக் கொட்டிவிடுகிறோம். கொட்டியது வெறும் பச்சைத் தண்ணீர்தானே என்பது நம் எண்ணம். உண்மையில் எதற்காகக் கீரையை வாங்கினோமோ, அதில் ஒரு பெரும் பங்கு அந்நீரோடு போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள் கடையில் குறைவதில்லை. நம் வீட்டு அடுக்களையிலேதான் குறைகிறது. அவ்வாறு குறையாமல் காப்பது எவ்வாறு என்பதே இன்று நாம் ஆராயப் போகும் பொருள்.

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அரக்கோணத்தையும் திருத்தணியையும் கடந்து, ரேணிகுண்டாவை அடையுமுன் வருவது புத்தூர். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022-ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்ட ஊர் அது. எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் ஊர் என்றே தமிழ்நாட்டில் பலரும் அதனை அறிவர். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழ்நாட்டோடு இணைந்தது. புத்தூர் ஆந்திரத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தில்தான் விழுந்தது, சமையலில் விழவில்லை. கோட்டுக்கு இருபுறமும் ஒரே கீரைதான் விளைகிறது. ஒரே பருப்போடுதான் அது வேகிறது. கேழ்வரகுக் களிக்கு இப்பால் கீரைக் கடைசல் துணை என்றால், அப்பால் சங்கடிக்கு ஆகுகூரப் பப்பு துணை.

இரு மொழியும் புழங்கும் இப்பகுதியில் கீரை வாங்குவோர் இரண்டு பெயரையும் அறிந்திருத்தல் நன்று. தெலுங்கில் ஆகு என்றால் இலை; ஆகுகூர என்றால் கீரை. நம் தண்டுக்கீரை, முளைக்கீரை இனத்தை அங்குத் தோட்டகூர என்பர். புளிச்சைக்கீரை அங்கே கோங்கூர, கொடிப்பசலை அங்கே பச்சலிகூர, வெந்தயக்கீரை மெந்திகூர, பொன்னாங்கண்ணி பொன்னகண்டிகூர, முருங்கையிலை முனகாகு, அகத்தி அவிசாகு. பெயர் தெரிந்தால் போதுமா? இலையையும் அடையாளம் தெரிதல் வேண்டும். ஏன் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

கீரையைச் சமையலுக்கு ஆயத்தம் செய்யும் வேலையைத் தமிழில் ஆய்தல் என்கிறோம். ஒரு நூலை நுணுகிப் பார்ப்பதற்கும் அதே சொல்லே வழங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் நடப்பதும் ஆய்வு. கூடத்துத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பாட்டி செய்வதும் ஆய்வே. ஒவ்வோர் இலையையும் எடுத்துப் பார்த்து, கொள்வதைக் கொண்டு தள்ளுவதைத் தள்ளுவது என்னும் பொருள் இரண்டிற்கும் பொது. இக்காலத்தில் நேரமில்லை என்று நாம் முதலில் கைவிடுவது இந்த ஆய்தலைத்தான். கட்டை அவிழ்க்காமலே வேரை ஒரு வெட்டாக வெட்டிவிட்டு, மீதியை அப்படியே அரிந்து போடுகிறோம். அது பிழையான சிக்கனம்.

இனி, கீரையின் உள்ளே இருப்பது என்ன என்று சிறிது காண்போம். அது தெரிந்தால்தான் செய்முறையின் காரணம் விளங்கும். பெரும்பாலான கீரைகளில் நூற்றில் 80 முதல் 90 பங்கு வரை நீரே. எஞ்சிய சிறு பங்கில்தான் நமக்கு வேண்டியவை அடங்கியுள்ளன. அவற்றை இரண்டு வகுப்பாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று, நீரில் கரைந்து போவது. 'சி' உயிர்ச்சத்தும் ஃபோலிக் அமிலம் என்னும் சத்தும் இவ்வகையின. மற்றொன்று, நீரில் கரையாமல் கொழுப்பில் மட்டும் கரைவது. நம் உடலில் 'ஏ' உயிர்ச்சத்தாக மாறும் கரோட்டின் என்னும் பொருள் இவ்வகையினது. முதல் வகுப்பைக் காப்பாற்றத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். இரண்டாம் வகுப்பைப் பயன்படுத்திக்கொள்ளச் சிறிது எண்ணெய் வேண்டும். கீரைச் சமையலின் முறை முழுவதும் இந்த இரண்டு வரியில் அடங்கும்.

நம் நாட்டில் இவ்வுண்மைகளை ஆராய்ந்து சொல்லியவர்களுள் முதன்மையானவர்கள் நீலகிரியில் குன்னூரில் இருந்தவர்கள். ராபர்ட் மக்காரிசன் என்பார் அங்கு 1918-ஆம் ஆண்டில் சிறிய அளவில் தொடங்கிய ஆராய்ச்சி வளர்ந்து உணவாராய்ச்சிக்கூடமாயிற்று. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஐக்ராய்டு, இந்திய உணவுப் பண்டங்களின் சத்தளவைப் பட்டியலிட்டு 1937-இல் ஒரு வெளியீட்டைக் கொணர்ந்தார். சாதாரண மக்கள் உண்ணும் தானியம், பருப்பு, கீரை இவற்றின் மதிப்பு எண்களாக அதில் இடம்பெற்றது. அக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது.

இந்த ஆராய்ச்சிகளின் பின்னால் துயரமான செய்தி ஒன்று இருந்தது. தென்னாட்டில் எத்தனையோ ஏழைக் குழந்தைகள் 'ஏ' உயிர்ச்சத்துக் குறைவால் முதலில் மாலைக்கண் நோய்க்கு ஆளாயினர். பின்னர் விழி வறண்டு, வெண்படலம் கெட்டுப் பார்வையையே இழந்தனர். வேலியோரத்தில் முருங்கை தழைத்து நின்ற வீட்டிலும் இது நேர்ந்தது. இதனைத் தடுக்க 1970-ஆம் ஆண்டில் நடுவண் அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கி, ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை 'ஏ' உயிர்ச்சத்து மருந்தைப் புகட்ட ஏற்பாடு செய்தது. அக்கொடுமை இன்று பெரிதும் குறைந்துள்ளது. ஆயினும் மருந்து ஆண்டில் இருமுறை வருவது. கீரை நாள்தோறும் வரக்கூடியது.

தாய்மாரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூசி வில்ஸ் என்னும் மருத்துவ அம்மையார் பம்பாயில் தங்கி, கருவுற்ற ஏழைப் பெண்களுக்கு வரும் ஒருவகைச் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டுச் சாரத்தைக் கொடுத்தபோது அச்சோகை தீர்வதைக் கண்டு 1931-இல் வெளியிட்டார். அதனைத் தீர்த்த பொருள் இன்னதென்று அப்போது விளங்கவில்லை. 1941-இல் அமெரிக்க அறிஞர்கள் டன் கணக்கான கீரையைக் கசக்கிச் சாறெடுத்து, ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். இலத்தீன் மொழியில் இலைக்கு உரிய சொல்லைக்கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். கருவுற்ற தொடக்க வாரங்களில் இச்சத்துக் குறைந்தால் குழந்தையின் தண்டுவடமும் மூளையும் சரிவர அமையாமற் போகக்கூடும் என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று. இலையின் பெயரையே தாங்கிய இச்சத்துத்தான் நீரில் கரைந்தும் சூட்டில் அழிந்தும் மிக எளிதில் போய்விடுவது. வடித்த நீரைக் கொட்டும்பொழுது நாம் நினைவில் கொள்ள வேண்டியது இது.

2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகை உடையவர்கள். கீரை ஒன்றே இதனைத் தீர்த்துவிடும் என்று நாம் கூறவில்லை. சோகைக்குக் காரணங்கள் பல; மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையின் இடத்தைக் கீரை பிடிக்காது. ஆனால் அடுக்களையில் ஏற்கெனவே இருக்கும் உணவை வீணாக்காமல் உண்பதற்கு மருத்துவர் வரவேண்டியதில்லை. அது நம் கையில் இருக்கிறது.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலாவது, வாங்குதல். இலை நிமிர்ந்து, பசுமை மங்காமல், காம்பு ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். மஞ்சள் படர்ந்ததும், அடியில் அழுகி வழவழப்பானதும் ஆகா. இலையில் இரண்டொரு ஓட்டை இருப்பதால் கீரை கெட்டதாகாது. பூச்சி தின்ற பகுதியைக் கிள்ளி எறிந்தால் போதும். உடனே சமைக்க இயலாதாயின், கழுவாமலே ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைக்கலாம்; குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் அதில் வைக்கலாம். கழுவி ஈரத்தோடு அடைத்து வைத்தால் விரைவில் அழுகும். அரிந்து வைத்தல் அதனினும் தீது.

இரண்டாவது, ஆய்தல். கட்டை அவிழ்த்து முறத்திலோ தாளிலோ பரப்புக. வேரை அரிந்து நீக்குக. பழுத்த இலையையும், புழுக்கூடு ஒட்டிய இலையையும், புல்லையும் எடுத்துவிடுக. கட்டின் நடுவே கீரையல்லாத களைச்செடியும் சில சமயம் வந்துவிடும். ஊமத்தை போன்ற நச்சுச் செடியின் இளந்தளிர் கீரையோடு கலந்தால், உண்டவர்களுக்கு வாய் வறண்டு, மயக்கமும் பிதற்றலும் உண்டாகும். அறியாத இலை எதுவாயினும் அதனைச் சமைக்கலாகாது. இலையை அடையாளம் தெரிதல் வேண்டும் என்று முன்னர்க் கூறியது இதற்காகவே. இரவில் கீரை வேண்டாம் என்று முன்னோர் சொல்லி வந்ததற்கு, மங்கிய விளக்கொளியில் நன்றாக ஆய முடியாது என்பதையும் ஒரு காரணமாகக் கூறுவர். காரணம் எதுவாயினும், நல்ல வெளிச்சத்தில் ஆய்க என்பது நல்ல விதி.

தண்டை எறிய வேண்டியதில்லை. முளைக்கீரையின் இளந்தண்டு இலையோடு சேர்ந்தே வெந்துவிடும். தண்டுக்கீரையின் பருத்த தண்டை மேல்நார் உரித்து, விரலளவு துண்டுகளாக்கிப் பருப்போடு முதலில் வேகவிட்டால் குழம்புக்கும் கூட்டுக்கும் ஆகும். தண்டும் இலையும் ஒரே நேரத்தில் வேகா. இரண்டையும் சேர்த்து இட்டால், தண்டு வேகுமுன் இலை குழைந்து போகும்.

மூன்றாவது, கழுவுதல். அரிவதற்கு முன்பே கழுவ வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் நடுநாயகமான செய்தி. முழு இலைக்கு இயற்கை ஒரு மெல்லிய மெழுகுத் தோலைப் போர்த்தியிருக்கிறது. அதன்மேல் நீரூற்றினால் அழுக்குத்தான் போகும். உள்ளே இருப்பது வெளிவராது. அரிந்துவிட்டாலோ ஒவ்வொரு வெட்டுவாயும் திறந்த வாயில் ஆகிறது. அரிந்த கீரையை நீரில் பிழியும்பொழுது தண்ணீர் பச்சையாவதை எவரும் காணலாம். அழுக்கைப் போக்குவதாக எண்ணிச் சாற்றையே போக்குகிறோம்.

கழுவும் வகையும் ஒன்றுண்டு. அகன்ற பாத்திரத்தில் நீரை நிரப்பி, கீரையை அமிழ்த்திச் சிறிது நேரம் விட்டு, கையால் மெல்ல அலைக்க வேண்டும். மண் அடியில் தங்கும். பிறகு கீரையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து நீரை வடித்தால் அடியில் தங்கிய மண் மீண்டும் கீரையின் மேலேயே படியும். அடியில் நறநறப்பு இல்லாத வரையில், பெரும்பாலும் மூன்று முறை, இவ்வாறு செய்க. வேரடியில் மணல் மிகுந்த வெந்தயக்கீரைக்கு இன்னும் ஒரு முறை வேண்டியிருக்கும். உப்பு நீரில் இட்டால் சிறு பூச்சிகள் விட்டு விலகும். ஆனால் கிருமியும் மருந்துத் தெளிப்பும் அதனால் முற்றும் நீங்கிவிடும் என்று நம்பியிருத்தல் கூடாது.

கோடையில் கிணறு வற்றும் ஊர்களில் மூன்று நீர் எவ்வாறு செலவிடுவது என்று கேட்பீர்கள். மூன்று பாத்திரங்களில் சிறிது சிறிதாக நீரை வைத்துக்கொள்க. கீரை முதலாவதிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும் செல்லட்டும். அடுத்த கட்டு வரும்பொழுது முதற்பாத்திர நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, இரண்டாவதன் நீரை முதலாவதாகவும், மூன்றாவதன் நீரை இரண்டாவதாகவும் கொண்டு, கடைசிப் பாத்திரத்திற்கு மட்டும் புதுநீர் விடுக. சிறிய நீரில் பெரிய வேலை முடியும்.

கழுவுவதில் அசட்டை வேண்டாம் என்பதற்கு மற்றொரு காரணம், கீரை விளையும் இடம். பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் ஈரமான ஓரங்களில் வளர்வன. ஊர்க்கழிவு நீர் பாயும் நிலத்தில் விளைந்த கீரையில் குடற்புழுக்களின் முட்டைகள் ஒட்டியிருக்கக்கூடும். பன்றியால் பரவும் நாடாப்புழுவின் முட்டை மனிதன் வயிற்றுக்குள் சென்றால், அதன் குஞ்சு மூளையை அடைந்து வலிப்பு நோயை உண்டாக்குவதும் உண்டு. நன்றாக வேகவைத்தால் இவை அழியும். எனவே பச்சையாக உண்ணும் இலைக்குக் கழுவுதலில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் வல்லாரையைச் சம்பலாகப் பச்சையாகவே உண்பர். சாக்கடை ஓரத்து வல்லாரை அதற்கு ஆகாது. தூய இடத்தில் வளர்ந்ததே ஏற்றது.

நான்காவது, அரிதல். கழுவிய கீரையை வடிதட்டில் இட்டு நீர் வடியவிடுக. அடுப்பு ஆயத்தமான பிறகே அரிக. இலை வெட்டுண்டதும் அதனுள் இருக்கும் ஒரு நொதிப்பொருள் காற்றோடு கூடி 'சி' உயிர்ச்சத்தை அழிக்கத் தொடங்குகிறது. இரவே அரிந்து வைத்துக் காலையில் சமைப்பவர், அந்த நொதிப்பொருளுக்கு ஓர் இரவு முழுவதும் அவகாசம் தருகிறார். வேலைக்குச் செல்லும் பெண்டிர்க்குக் காலை நேரம் அரிது என்பதை நாம் அறிவோம். அவர்கள் இரவில் ஆய்ந்து வைக்கலாம். முழு இலையாகவே துணியில் சுற்றி வைக்கலாம். கழுவுதலும் அரிதலும் காலையில் சில நிமிடத்து வேலைதான். ஆய்தல் என்னும் பெரிய வேலையில் வீட்டிலுள்ள ஆடவரும் பிள்ளைகளும் கைகொடுத்தால் எந்தக் கௌரவமும் குறைந்துவிடாது.

அரியும் கருவி கூர்மையாயிருத்தல் வேண்டும். தமிழ்நாட்டு அரிவாள்மனையும் ஆந்திரத்துக் கத்திப்பீடவும் ஒரே இனம்: பலகையை மடக்கிய காலால் அழுத்திக்கொண்டு, இரு கையாலும் இலையை அலகை நோக்கிச் செலுத்துவது. இலைகளைக் காம்பு ஒரு பக்கமாக அடுக்கி, கைப்பிடியளவு சேர்த்து, சுருட்டிப் பிடித்து அரிந்தால் கை நழுவாது. துண்டும் ஒரே அளவாக விழும். கூர் மழுங்கிய அலகு இலையை வெட்டுவதில்லை, நசுக்குகிறது. நசுங்கிய இலை சாறு கக்கிக் கறுக்கும். வேலை முடிந்ததும் அலகைத் துடைத்து, சுவரோரமாகச் சாய்த்தோ மடக்கியோ குழந்தைகளுக்கு எட்டாதபடி வைக்க வேண்டும். கத்தியும் பலகையும் பயன்படுத்துவோர், இறைச்சி நறுக்கும் பலகையைக் கீரைக்குக் கொள்ளலாகாது.

எவ்வளவு பொடியாக அரிவது? பொதுவிதி ஒன்று கூறலாம். கடையப்போகும் கீரையைப் பெரிதாகவே அரிக. மத்து மீதி வேலையைச் செய்யும். சில கீரைகளை அரியவே வேண்டியதில்லை. பொரியலுக்கு மட்டும் பொடியாக அரிக. அப்போது அடுப்பில் இருக்கும் நேரத்தைக் குறைத்துவிடுக. இலங்கையில் சிங்களர் செய்யும் மல்லுங் என்னும் கறியும், யாழ்ப்பாணத்தார் செய்யும் வறையும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். இலையை மிக நுண்ணிதாக அரிந்து, தேங்காய்த்துருவலோடு சேர்த்து, சில நிமிடங்களே வதக்கி இறக்கிவிடுவர். வடிக்கத் தண்ணீரே அங்கு இல்லை.

கீரைக்குக் கீரை முறை சிறிது வேறுபடும். முருங்கையைக் கொத்தாகவே கழுவி உதறி, பின் ஈர்க்கிலிருந்து உருவுக, அரிய வேண்டா. கொத்தைத் துணியில் சுற்றி இரவில் வைத்தால் காலையில் இலை தானே உதிரும் என்பது பலரும் அறிந்த எளிய வழி. அதனால் 'சி' உயிர்ச்சத்துச் சிறிது குறையும். கண்ணுக்கு உரிய கரோட்டின் பெரும்பாலும் நிற்கும். உருவும் வேலைக்கு அஞ்சி முருங்கையையே விட்டுவிடுவதைவிட இவ்வழி மேலானது. அகத்தியைக் காம்பு நீக்கிப் பொடியாக அரிதல் வேண்டும். கொடிப்பசலை சதைப்பற்றும் வழவழப்பும் உடையது. அதனைப் பெரிய துண்டுகளாகவே விடுக.

புளிச்சைக்கீரை தனி இயல்புடையது. கோங்கூர என்று ஆந்திர மக்கள் போற்றும் இவ்விலையில் புளிப்பு இயற்கையாகவே உண்டு. காம்பு நீக்கி இலையை மட்டும் கொள்வர். ஊறுகாய்போல் நாட்பட வைக்கும் தொக்கிற்காயின், கழுவிய இலையைத் துணியில் பரப்பி நிழலில் ஈரம் உலரவிட வேண்டும். ஈரம் நின்றால் பூசணம் பிடிக்கும். பிறகு எண்ணெயில் வதக்கினால், அரியாமலே இலை குழைந்துவிடும். புளிப்புள்ள இவ்விலையை ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் சமைத்தல் கூடாது. மண்சட்டியும் எவர்சில்வரும் தக்கவை.

ஐந்தாவது, வேகவைத்தல். பருப்பு வேக நெடுநேரம் ஆகும்; கீரைக்குச் சில நிமிடம் போதும். இரண்டையும் ஒன்றாகக் குக்கரில் இட்டு நான்கு விசில் விடுவது பருப்புக்கு நியாயம், கீரைக்கு அநியாயம். பருப்பு மலர்ந்த பிறகு கீரையைச் சேர்த்து, அது துவண்டு மசிந்ததும் இறக்கி, மத்தால் கடைக. ஆந்திரத்தில் பப்புகுத்தி என்று வழங்கும் மரமத்தும் இதற்கே. கீரையில் ஒட்டிய நீரும், ஒரு கை தெளித்த நீரும் பெரும்பாலும் போதும். மிகுந்த நீர் இருப்பின் அதனைக் கொட்டாமல் ரசத்திற்கோ குழம்பிற்கோ சேர்த்துக்கொள்க.

பசுமை நிறம் மாறாதிருக்கச் சோடா உப்புப் போடுவது சிலர் வழக்கம். நிறம் நிற்கும், 'சி' உயிர்ச்சத்தும் 'பி' வகுப்பிற் சிலவும் அழியும். கண்ணை ஏமாற்றி வயிற்றை வஞ்சிக்கும் வழக்கம் அது, வேண்டா. இலையிலிருந்து எழும் புளிப்பு ஆவி வெளியேறாமல் மூடியில் பட்டுத் திரும்புவதால்தான் நிறம் மங்குகிறது. தொடக்கத்தில் ஓரிரு நிமிடம் மூடாமல் விட்டு, பின் மூடினால் நிறமும் ஓரளவு நிற்கும், விரைவிலும் வேகும்.

ஆறாவது, தாளித்தல். இதனைச் சுவைக்காக மட்டும் செய்வதாக எண்ணுகிறோம். ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ இன்றேல், கீரையின் கரோட்டினை உடல் சரிவர ஏற்காது என்பதை முன்னரே குறிப்பிட்டோம். நிலக்கடலை விளையும் சித்தூர்ச் சீமையில், வறுத்த கடலையைப் பொடித்துக் கீரையோடு கலந்துகொள்ளலாம். கொழுப்பும் புரதமும் சேர்ந்து கிட்டும். இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு சில துளி பிழிந்தால், கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பது எளிதாகும். உண்டவுடன் தேநீரோ காப்பியோ அருந்துவது இதற்கு நேர்மாறாக வேலை செய்யும். ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

விதிக்கு விலக்கும் உண்டு. தண்டுக்கீரை இனம், பாலக்கீரை, பருப்புக்கீரை முதலியவற்றில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி. அது கீரையின் சுண்ணாம்புச்சத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. சிறுநீரகக் கல் உடையோர் மருத்துவரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்வதோடு, இவற்றை நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டே உண்ண வேண்டும். அவர்களுக்கு இழப்பைவிடப் பாதுகாப்பு பெரிது. தயிர் சேர்த்து உண்பதும் ஆக்ஸாலிக் அமிலத்தின் வேகத்தை ஓரளவு குறைக்கும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர், கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது; மருத்துவரின் சொற்படி நடத்தல் வேண்டும். மற்றையோர் நீரை வடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

எவ்வளவு உண்பது என்று கேட்கலாம். ஐதராபாத்து நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உணவு நெறிகளில், கருவுற்ற பெண்கள் நாள்தோறும் 100 கிராம் கீரை உண்ண வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது. இஃது ஆய்ந்த பச்சைக் கீரையின் எடை; வெந்தால் ஒரு சிறு கிண்ணத்தளவே நிற்கும். ஆனால் நம் வீடுகளில் கீரை யார் இலைக்குப் போகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆய்ந்தவளும் அரிந்தவளும் கடைந்தவளும் கடைசியில் உண்கிறாள். அப்போது சட்டியில் இருப்பது சுரண்டிய எச்சம். எவருக்கு அது மிகத் தேவையோ அவருக்கு அது எட்டுவதில்லை. ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு வெந்த கீரையை நன்றாக மசித்து, நார் நீக்கி, நெய்விட்டுச் சோற்றோடு ஊட்டலாம். குழந்தைக்கும் தாய்க்கும் முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பிறருக்குப் பரிமாறுவது, எந்தச் செலவும் இல்லாத சீர்திருத்தம்.

சுருங்கக் கூறின்: வெளிச்சத்தில் ஆய்க, முழு இலையாகக் கழுவுக, அடுப்பு மூண்டபின் கூரிய அலகால் அரிக, சிறுநீர் விட்டுச் சிறுபொழுதே வேகவைக்க, எண்ணெயோடு தாளிக்க, வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு ஒதுக்குக. இவற்றுள் எதற்கும் புதுக் கருவி வேண்டா. கூடுதற் காசும் வேண்டா. செய்கிற வேலையையே வரிசை மாற்றிச் செய்தால் போதும். நாளைக் காலை கீரைக்காரி தெருவில் குரல் கொடுக்கும்பொழுது ஒரு கட்டு வாங்குங்கள். அரிவாள்மனையை எடுக்குமுன் நீர்ப்பாத்திரத்தை எடுங்கள்.